மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டு எட்டு மாசம் – ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நம்ம கடை ஒண்ணும் சூப்பர் மார்க்கெட் இல்ல. அருப்புக்கோட்டை பக்கம் ஒரு சின்ன ஊர்ல, பன்னெண்டுக்கு முப்பது அடில ஒரு மளிகைக் கடை, மேல ஒரு பரண், பின்னாடி மூட்டை அடுக்க ஒரு ரூம், அவ்வளவுதான். நானும் என் வீட்டம்மாவும் அப்பாவும் பாத்துக்கிறோம், கூட ஒரு பையன். போன வருஷம், 2025 ஜூன்ல பில்லிங்கும் ஸ்டாக்கும் கம்ப்யூட்டருக்கு மாத்தினோம். சாஃப்ட்வேர் பேரும் டீலர் பேரும் போடல, ஏன்னா திட்டுறதும் இருக்கு, பாராட்டுறதும் இருக்கு, ஊர்ல நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்.

ஏன் போட்டோம்னா, அதுவரைக்கும் கடையோட ஸ்டாக் ரிப்போர்ட் எங்க அப்பாதான். பரண்ல எத்தனை பெட்டி பிஸ்கட் இருக்கு, எந்த மூட்டை எப்ப பிரிச்சது, யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் அவர் தலைக்குள்ள. அவருக்கு முட்டி ஆபரேஷன் பண்ணி மூணு வாரம் கடைக்கு வரல. அந்த மூணு வாரத்துல நான் பட்ட பாடு இருக்கே. லைன் சேல்ஸ்மேன் வந்து "அண்ணாச்சி பிஸ்கட் நாலு கேஸ் போடட்டுமா"னு கேட்டான், நானும் ரேக்ல காலியா இருக்கேன்னு போடுனு சொல்லிட்டேன், அப்புறம் பரண்ல ஏறிப் பாத்தா ஏற்கனவே அஞ்சு கேஸ் உக்காந்திருக்கு. அதே வாரம் உளுந்து தீந்துபோச்சு, தீந்தது தெரிஞ்சதே கஸ்டமர் கேட்டப்பதான். மளிகைக் கடையில உளுந்து இல்லனு சொல்றதைவிட அசிங்கம் வேற இல்ல.

சரினு மூணு பேரை டெமோ காட்டச் சொன்னேன். முதல் ஆள் லேப்டாப்போட வந்து கலர் கலரா கிராஃப் காட்டினார். இன்னைக்கு சேல்ஸ், இந்த வாரம் சேல்ஸ், எந்த மணிக்கு கூட்டம்னு. எந்த மணிக்கு கூட்டம்னு எனக்கு கிராஃப் வேணுமா, நான்தான அங்க நிக்கிறேன். அவர் டெமோல மொத்தமே பத்து ஐட்டம், பத்தும் பாக்கெட், டிக் டிக்னு ஸ்கேன் பண்ணி பில் போட்டுட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பத்து ரூபாய்க்கு சீரகம் போடுங்க பாப்போம்." மனுஷன் குவாண்டிட்டில பத்துனு அடிச்சார், பில்லு நாலாயிரம் ரூபா வந்துச்சு, ஏன்னா பத்து கிலோனு எடுத்துக்கிச்சு. அப்புறம் கால்குலேட்டர் எடுத்து, கிலோ நானூறுன்னா பத்து ரூபாய்க்கு 25 கிராம், அதை 0.025னு அடிச்சு காட்டினார். சாயங்காலம் ஆறரை மணிக்கு கவுண்டர்ல எட்டு பேர் நிக்கும்போது நான் 0.025 அடிச்சிட்டு இருந்தா கடை விளங்கிடும்.

நம்ம ஊர் கடையில பாதி வியாபாரம் கிலோ கணக்குல நடக்கிறதே இல்ல, ரூபா கணக்குலதான். அஞ்சு ரூபாய்க்கு கடுகு, பத்து ரூபாய்க்கு மல்லி, இருபது ரூபாய்க்கு நல்லெண்ணெய். இதை கேக்காம விக்க வர்றவன் எந்த சாஃப்ட்வேர் கொண்டுவந்தாலும் அது நமக்கு ஆகாது.

ரெண்டாவது ஆள் பெரிய ஸ்டோருக்கு போடுற சரக்கு கொண்டுவந்தார், விலை கேட்டதும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். மூணாவது, மதுரையில இருந்து ஒரு டீலர் கிட்ட வேலை பாக்குற தம்பி. அந்தத் தம்பிகிட்ட அதே சீரகத்தைக் கேட்டேன். ஒரு பட்டனை அழுத்தி பத்துனு அடிச்சான், எடை தானா 25 கிராம்னு வந்து ஸ்டாக்லயும் கழிஞ்சுது. அங்கயே முடிவு பண்ணிட்டேன், இதுதான்னு.

செலவு கேப்பீங்க. சாஃப்ட்வேர் 14,000, ரெண்டாவது வருஷத்துல இருந்து ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்புக் கட்டணம், 4,500. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் 16,000, மூணு இன்ச் தெர்மல் பிரிண்டர் 7,500, ஸ்கேனர் 2,200, யுபிஎஸ் தனி. லேபிள் பிரிண்டர் ஒண்ணு 11,000த்துக்கு தலையில கட்டப் பாத்தாங்க, பருப்பையெல்லாம் அரைக்கிலோ பாக்கெட் போட்டு பார்கோடு ஒட்டிட்டா ஸ்பீடா பில் போடலாமேனு. நல்லவேளை ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சொன்னார், யோவ், லூஸா அளந்து குடுத்தா பருப்புக்கு ஜிஎஸ்டி இல்ல, நீ முன்கூட்டியே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா அது 5 சதவீதத்துக்குள்ள வந்துடும், 2022 ஜூலையில இருந்து அதான் ரூல், அதுபோக பாக்கெட்ல என்னென்ன அச்சடிக்கணும்னு எடையளவு சட்டம் வேற இருக்குனு. அரிசி மூட்டை எல்லாம் 26 கிலோவா வர ஆரம்பிச்ச கதையும் இதே ரூல்தான், 25 கிலோ வரைக்கும்தான் வரி, அதனால ஒரு கிலோ கூட போட்டு மில்லுக்காரங்க தப்பிச்சுக்கிட்டாங்க. சாஃப்ட்வேர் விக்கிறவங்களுக்கு இது தெரியாதா, இல்ல தெரிஞ்சும் சொல்லலையானு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

தராசை கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்றதும் அதே கதைதான். நம்ம எலக்ட்ரானிக் தராசுல அதுக்கான ஒயர் சொருகுற இடம் இல்ல, பிரிச்சு ஒரு சர்க்யூட் போர்டு வச்சு ஒயர் இழுத்துடலாம்னாங்க. பிரிச்சா எடையளவு ஆபீஸ் சீல் உடையும், சீல் உடைஞ்சா மறுபடி முத்திரை போட அலையணும். வேண்டாம் சாமினு விட்டுட்டேன், எடையை கண்ணால பாத்து அடிக்கிறோம், ஒண்ணும் குறைஞ்சு போகல.

இப்ப நிஜமான வேலைக்கு வருவோம். சாஃப்ட்வேர் போடுறது அரை மணி நேரம்தான். ஐட்டம் லிஸ்ட் ஏத்துறதுதான் உயிர் போற வேலை. "அண்ணாச்சி எக்செல்ல லிஸ்ட் குடுத்துடுங்க, நாங்க ஏத்திடுறோம்"னு ஈஸியா சொல்லிட்டு போயிட்டான் தம்பி. உக்காந்து எழுதினா 1,140 ஐட்டம். அதுலயும் நான் பாதி, வீட்டம்மா பாதினு பிரிச்சு எழுதினதுல, நான் துவரம்பருப்புனு எழுதிருக்கேன், அவ தொகரம்பருப்புனு எழுதிருக்கா, பழைய பர்ச்சேஸ் பில்லைப் பாத்து பையன் தூர் தால்னு எழுதிருக்கான். ஒரே மூட்டைக்கு மூணு பேரு. அதை அப்படியே ஏத்திட்டாங்க. முதல் ரெண்டு வாரம் ஒருத்தர் ஒரு பேர்ல பில் போட, தூர் தால் மைனஸ் 14 கிலோ, துவரம்பருப்பு அப்படியே 50 கிலோனு காட்டுது. மைனஸ்ல ஸ்டாக் போகும்னு எனக்கு அப்பதான் தெரியும். இல்லாத பருப்பை நான் பதினாலு கிலோ வித்திருக்கேன்.

இதுக்கு வழி கண்டுபிடிச்சது வீட்டம்மாதான். லூஸ் ஐட்டம் மொத்தம் 84. அதுக்கு மட்டும் நம்பர் போட்டா. 1 சீனி, 2 துவரம்பருப்பு, 3 உளுந்து, 4 பாசிப்பருப்பு இப்படி. ஒரு அட்டையில பெருசா ஸ்கெட்ச் பேனால எழுதி தராசுக்கு மேல ஒட்டிட்டா. இப்ப யாரும் பேரே தேடுறதில்ல, 2 தட்டினா துவரம்பருப்பு. ஒரு மாசத்துல பையனுக்கு எல்லா நம்பரும் மனப்பாடம், அவன் வீட்டுக்குப் போயும் 17 வாங்கிட்டு வரவானு கேக்குறானாம். இப்ப புதுசா போடுறவங்களுக்கு நான் சொல்றது, லிஸ்ட்டை ஒரே ஆள் எழுதுங்க, ஒரே கையெழுத்துல. ஒரு வாரம் லேட் ஆனாலும் பரவால்ல.

ஸ்டாக் எண்ணினது இன்னொரு கூத்து. ஆரம்ப ஸ்டாக் எண்ணி ஏத்தணும்ல, ஒரு செவ்வாய்க்கிழமை கடையை திறந்து வச்சிக்கிட்டே எண்ணினோம். நான் ஒரு பக்கம் சோப்பு எண்ணுறேன், பையன் மறுபக்கம் அதே சோப்பை வித்துட்டு இருக்கான். ராத்திரி டோட்டல் போட்டா எதுவுமே எதோடயும் ஒட்டல. தூக்கிப் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிட்டு, மேல பரண்ல இருந்து ஆரம்பிச்சு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எண்ணினோம். அன்னைக்கு கிடைச்சதைப் பாருங்க, தேதி முடிஞ்ச சேமியா 11 பாக்கெட், கட்டி தட்டிப்போன ஹெல்த் டிரிங்க் ரெண்டு டப்பா, எலி கடிச்ச ஊதுபத்தி ஒரு பெட்டி, எந்த வருஷமோ ஸ்கீம்ல வந்த பிளாஸ்டிக் டப்பா முப்பது. எல்லாம் சேத்தா ஒன்பதாயிரம் ரூபா சரக்கு செத்துக் கிடந்திருக்கு. இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்ல பாத்துக்கோங்க, நோட்டு பேனா வச்சு எண்ணியிருந்தாலும் கிடைச்சிருக்கும். ஆனா கம்ப்யூட்டர் வாங்கலன்னா எண்ணியிருக்கவே மாட்டோம்.

அடுத்து, டீலர்மேல எனக்கு கோவம் வந்த இடம். நாங்க கம்போசிஷன்ல இருக்கோம், அதாவது சின்ன வியாபாரிங்களுக்கான சுலபமான ஜிஎஸ்டி திட்டம். ஒன்றரை கோடிக்குள்ள டர்ன்ஓவர் இருக்கிற கடைக்காரங்க எடுத்துக்கலாம், விக்கிறதுல ஒரு சதவீதம் நம்ம கைக்காசுல கட்டிடணும், கஸ்டமர்கிட்ட வரினு தனியா ஒரு பைசா வாங்கக் கூடாது, பில்லும் டாக்ஸ் இன்வாய்ஸ் இல்ல, வரி காட்டாத பில் ஆஃப் சப்ளைதான். இதை தம்பிகிட்ட டெமோ அன்னைக்கே சொல்லிட்டேன், அவனும் தலையை ஆட்டினான். முதல் நாள் அடிச்ச பில்லுல சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரைனு அழகா பிரிச்சு அச்சாகுது. ஒரு வாத்தியார்தான் பில்லைப் பாத்துட்டு "என்னப்பா புதுசா ஜிஎஸ்டி போடுற"னு கேட்டார். ஆடிட்டருக்கு போட்டோ அனுப்பினேன், மனுஷன் போன்லயே கத்தினார். டீலருக்கு போன் போட்டா தம்பி வேற ஊர்ல இன்ஸ்டலேஷன்ல இருக்கானாம். ரெண்டு நாள் கையால பில் எழுதினோம். கடைசியில எனிடெஸ்க்ல, அதாவது அவன் இடத்துல இருந்தே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து பாத்தா ஒரே ஒரு டிக் பாக்ஸ். ஒரே ஒரு டிக்! அதுக்கு ரெண்டு நாள்.

ஆனா இதே விஷயத்துலதான் பெரிய லாபமும். வியாபாரிங்களுக்கு அந்த ஒரு சதவீதம் வரி உள்ள சரக்குக்கு மட்டும்தான். லூஸ் அரிசி, லூஸ் பருப்பு, தேங்காய், வெங்காயம் இதெல்லாம் வரி இல்லாதது, அந்த விற்பனைக்கு ஒரு சதவீதமும் கிடையாது. இத்தனை வருஷமா எங்களுக்கு பிரிச்சு கணக்கு இல்லாததால மொத்த விற்பனைக்கும் கட்டிட்டு இருந்தோம். இப்ப மூணு மாசத்துக்கு ஒருதடவை ரிப்போர்ட் எடுத்தா ரெண்டும் தனித்தனியா வந்துடுது, ஆடிட்டர் அதை அப்படியே அவரோட டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்திக்கிறார். எங்க கடையில பாதிக்குப் பாதி இந்த மாதிரி வரி இல்லாத சரக்குங்கிறதால கட்டுற பணமும் கிட்டத்தட்ட பாதியாச்சு. ஏஎம்சி காசு இதுலயே வந்துடுச்சுனு சொல்லலாம்.

எம்ஆர்பி கதை ஒண்ணு இருக்கு. பாக்கெட்ல 890ல ஆரம்பிக்கிற பார்கோடு இருக்கும்ல, சோப்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் கம்பெனிக்காரன் பார்கோடை மாத்துறதில்ல, அதே நம்பர்தான். போன செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டி குறைச்சாங்கல்ல, சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துச்சு. அடுத்த ரெண்டு மாசம் கடையில ஒரே சோப்பு மூணு விலையில, பழைய எம்ஆர்பி, ஸ்டிக்கர் ஒட்டின எம்ஆர்பி, புது கவர்ல அச்சடிச்ச எம்ஆர்பி. இந்த இடத்துல இந்த சாஃப்ட்வேருக்கு நூத்துக்கு நூறு குடுப்பேன். ஸ்கேன் பண்ணினதும் எந்த எம்ஆர்பினு ஒரு சின்ன பெட்டி வந்து கேக்கும், அம்புக்குறி அழுத்தி என்டர் தட்டினா முடிஞ்சுது. பக்கத்து ஊர்ல என் மச்சான் வேற ஒண்ணு வச்சிருக்கார், அது ஒரு பார்கோடுக்கு ஒரு விலைதான் வச்சுக்கும், அந்த ரெண்டு மாசமும் அவர் கையாலதான் விலை திருத்திட்டு இருந்தார். வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கட்டாயம் டெஸ்ட் பண்ணுங்க, ஒரே கோடு ரெண்டு விலை.

சேதாரம்தான் இன்னும் சரியா வரல. வத்தல் காயக் காய எடை குறையும். வெல்லம் கசியும். புளியில கோது, கொட்டைனு போகும். 30 கிலோ புளி வாங்கி ஏத்தினா, சாக்கு காலியான அன்னைக்கு கம்ப்யூட்டர் இன்னும் இரண்டரை கிலோ இருக்குங்குது. விருதுநகர்ல வாரா வாரம் மார்க்கெட் விலை மாறும், அதை ஏத்துறதுக்கு வழி இருக்கு, ஆனா சரக்கு தானா கரையும்னு இந்த சாஃப்ட்வேர் எழுதினவருக்கு யாரும் சொல்லல போல. அதுக்குனு தனி ஆப்ஷன் குடுங்கனு கேட்டு நாலு மாசம் ஆச்சு, "அடுத்த அப்டேட்ல வரும் அண்ணாச்சி." இப்போதைக்கு சனிக்கிழமை ராத்திரி நானே தராசுல போட்டு வித்தியாசத்தை கழிச்சு விடுறேன்.

கடன் நோட்டை கம்ப்யூட்டருக்கு மாத்தினதுல ஒரு வம்பு. பாக்கி வச்சா கஸ்டமர் வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் போகும். நல்லதுதானேனு எல்லார் நம்பரையும் ஏத்தி ஆன் பண்ணிட்டேன். ஒரு அக்கா குடுத்திருந்த நம்பர் அவங்க வீட்டுக்காரர் நம்பர். வீட்டுக்கு தெரியாம ரெண்டு மாசமா சேத்து வச்ச பாக்கி 1,860 ரூபா, "அன்புள்ள வாடிக்கையாளரே"னு அவர் போனுக்கு போயிடுச்சு. அடுத்த நாள் காலையில அந்த அக்கா கடைக்கு வந்து என்னைப் பாத்த பார்வை இருக்கே. அன்னைக்கே மெசேஜை ஆஃப் பண்ணிட்டேன். பாக்கி கணக்கு கம்ப்யூட்டர்லயும் இருக்கு, அவங்கவங்க கையில குட்டி நோட்டும் இருக்கு, ரெண்டுலயும் எழுதுறோம். இரட்டை வேலைதான், பரவால்ல.

இன்னொரு பெரிய குறை பேக்கப். இன்ஸ்டால் பண்ணும்போதே கேட்டேன், ஆட்டோ பேக்கப் போட்டாச்சு, கவலைப்படாதீங்கனாங்க. புரட்டாசி மழையில கரண்டு போயி போயி வந்ததுல ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. தீபாவளிக்கு பத்து நாள் இருக்கு. பேக்கப் எங்கனு பாத்தா, அதே ஹார்டு டிஸ்க்ல டி டிரைவ்ல இருக்கு. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளயே வச்சு பூட்டின மாதிரி. ரெண்டு நாளுக்கு முன்னாடி தம்பி ஏதோ டெஸ்ட்டுக்கு அவன் லேப்டாப்புக்கு ஒரு காப்பி எடுத்திருந்தான், அதனால தப்பிச்சோம், அந்த ரெண்டு நாள் பில்லு மட்டும் போச்சு. இப்ப தினமும் கடை அடைக்கும்போது பென் டிரைவ்ல எடுத்து வீட்டுக்கு கொண்டு போயிடுறேன்.

சர்வீஸ் பத்தி சொன்னா, தம்பி தங்கமான பையன், ஆனா ஒரே தம்பி. அவன் லைன்ல கிடைச்சா அஞ்சு நிமிஷத்துல முடியும், கிடைக்கலன்னா டீலர் ஆபீஸ்ல போன் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் குடுக்கிற மார்க் சாஃப்ட்வேருக்கு அஞ்சுக்கு நாலு, டீலருக்கு இரண்டரை. ஒரு நாளைக்கு நாப்பது பில்லுக்கு கீழ போற கடைன்னா இதெல்லாம் வேண்டாம், நல்ல நோட்டு ஒண்ணு போதும். எங்களுக்கு நூத்தம்பது போகுது, எங்களுக்கு வேணும். முக்கியமா சேல்ஸ்மேன் வர்ற செவ்வாய்க்கிழமை காலையில ரீஆர்டர் லிஸ்ட் அடிச்சு கையில வச்சிருக்கேன், "நாலு கேஸ் போடட்டுமா"ன்னா லிஸ்டைப் பாத்து "ஒண்ணு போதும்"ங்கிறேன். இப்ப பரண்ல நடக்க இடம் இருக்கு.

அப்பா இப்ப கடைக்கு வர்றார், சேர்ல உக்காந்துக்கிறார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே மாட்டார். போன வாரம் இட்லி அரிசி எத்தனை மூட்டை இருக்குனு நான் ஸ்கிரீனைப் பாத்து ஒன்பதுனேன். அவர் சேர்ல இருந்தே "ஏழு"ன்னார். பின்னாடி போய் எண்ணினேன், ஏழுதான். எப்படிப்பானு கேட்டா, "திங்கக்கிழமை கரண்டு இல்லாதப்ப ஓட்டல்காரர் ரெண்டு மூட்டை எடுத்துட்டுப் போனாரே, துண்டுச் சீட்டுல எழுதி தராசுக்கு அடியில வச்சியே"னார். தராசைத் தூக்கிப் பாத்தா சீட்டு அங்கதான் இருந்துச்சு.